ஒரே நீரைக் காத்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொல்லைகளில் நீச்சல் குளம் பெருகப் பணமும் கான்கிரீட்டுமே காரணம் என்பார்கள். முதற்காரணம் பராமரிப்புதான் என்பேன். 1846-ன் பொதுக் குளியலகச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்து நகரங்கள் கட்டிய பொதுக் குளங்களில் நீரைச் சுத்திகரிக்க வழியில்லை. நிரப்புவார்கள், சில நாள் கழித்து வடித்துவிடுவார்கள். புதுத் தண்ணீர் நாளில் கட்டணம் அதிகம், கலங்கிய நாளில் குறைவு. ஏழைக்கு வாய்த்தது அடுத்தவர் அழுக்கு, இது கொடுமை. பிறகு 1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் பிளீச்சிங் பவுடர் இட்டுக் கிருமிகளை ஒடுக்கிக் காட்டினார்கள். பணம் பொருட்டே இல்லையா? பொருட்டுதான். ஆனால் 1895-ல் திறந்த, அமெரிக்கச் செல்வந்தர் வாண்டர்பில்ட்டின் பில்ட்மோர் மாளிகைக் குளத்தையும் அடிக்கடி வடித்து நிரப்ப வேண்டியிருந்தது. நீரைச் சுழற்றி, வடிகட்டி, குளோரினிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்க முடிந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் குளம் வெட்டத் துணிந்தன.