பொம்மசந்திராவின் ஈஸ்ட்

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் கதையை முதலாளிகளை வைத்துத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஈஸ்டை வைத்தும் சொல்லலாம். இன்று அங்கே பரந்து கிடக்கும் பயோகான் 1978இல் பெங்களூரில் தொடங்கியபோது ஏற்றுமதி செய்த சரக்கு இரண்டு. ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பைன், மற்றது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ். பியர் ஆலைகளுக்கு இரண்டுமே உதவின. ஐசிங்கிளாஸ் வெறும் கொலாஜன்தான். அதன் நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றம் கொண்ட ஈஸ்ட் செல்களைத் திரட்டிப் பீப்பாயின் அடியில் படியவைக்கும். வேலை முடிந்த ஈஸ்டை வெளியே தள்ளும் சரக்கோடு தொடங்கிய நிறுவனம், 2004இல் பிக்கியா என்ற ஈஸ்டையே வேலைக்கு வைத்து மனித இன்சுலின் தயாரித்து விற்றது. சர்க்கரை கட்டுக்கடங்காத உடம்பில்தான் கேண்டிடா என்ற இன்னொரு ஈஸ்ட் அடிக்கடி தொற்றுகிறது என்பதால், ஒரு ஈஸ்டின் உழைப்பு மற்றொன்றின் தீனியைக் குறைக்கிறது என்றும் சொல்லலாம்.

ஈஸ்ட் நமக்காக இன்சுலின் சுரப்பதற்கும், ஈஸ்ட் தொற்றுக்கு மருந்து வகைகள் குறைவாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. அதன் செல் நம் செல்லுக்கு உறவு. பாக்டீரியாவைக் கொண்டும் இன்சுலின் செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள், ஆனால் அங்கே புரதம் பெரும்பாலும் உள்ளேயே கட்டியாகச் சேர்ந்துவிடும், பிரித்தெடுத்து மறுபடி மடிக்க வேண்டும். ஈஸ்டோ புரதத்தை மடித்து வெளியே சுரக்கிறது, ஏறத்தாழ நம் செல் செய்வதுபோலவே. இந்த உறவுதான் மருந்துக்கு இடைஞ்சல். பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் நம் செல்லைத் தீண்டுவதில்லை. பூஞ்சையிலும் நம்மிலும் சவ்வின் அமைப்பு ஒன்றே; அங்கே எர்கோஸ்டெரால், இங்கே கொலஸ்ட்ரால் என்ற அளவுக்குத்தான் வேறுபாடு. எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950இல் அறிவித்த நிஸ்டாடின் என்ற பூஞ்சைமருந்து அந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் எம்.ஜே. திருமலாச்சார், பிம்பிரியின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில் அவ்வூர் மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த ஹாமைசினும் அதே வகை. குழந்தையின் நாக்கில் மாவு படிந்தால் தடவ அது நன்றாகவே உதவியது. ரத்தத்தில் புகுந்த தொற்றுக்குக் கொடுக்கத் தோதாக அமையவில்லை. அதே குடும்பத்து ஆம்ஃபோடெரிசின் ரத்தத்துக்குள் போகும், ஆனால் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும்.

இந்த உறவுக்கு இன்னும் வலுவான சாட்சி சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த இப்பொருளை 1970களில் சுரேன் சேகலின் குழு ஆராய்ந்தது கேண்டிடாவை அடக்கும் மருந்தாகத்தான். அது நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்கியது. ஈஸ்டில் அது தாக்கும் புரதம் மனிதனிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. 1999இல் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கேண்டிடாவைக் கொல்லப் பிறந்த மருந்து, கேண்டிடா தொற்றுக்கு உடம்பைத் திறந்துவிடும் மருந்தானது. பயோகானின் சரக்குப் பட்டியலில் அதுவும் உண்டு.

மலிவான ஃப்ளூகோனசோல் இருக்கையில் ஈஸ்ட் தொற்றுக்கு மருந்துப் பஞ்சம் எங்கே என்று மருந்துக்கடைக்காரர் கேட்பார். பிறப்புறுப்பில் அரிப்போடு வரும் சாதாரண கேண்டிடா தொற்றுக்கு அதுவோ உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையோ பெரும்பாலும் போதும், வெள்ளைப்படுதல் எல்லாமே கேண்டிடா அல்ல என்பது நினைவிருந்தால். ஆனால் இந்த அசோல் மருந்துகள் ஈஸ்டைக் கொல்வதைவிட வளரவிடாமல் நிறுத்துகின்றன. 2009இல் பெயரிடப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு மசிவதில்லை. தயிரும் வேப்பிலையும் தேங்காயெண்ணெயும் ஆய்வகத் தட்டில் ஈஸ்டைத் தடுக்கலாம். தட்டில் நம் செல் இல்லை, அதனால் அந்தச் சோதனை எளிது.

கடினமான மறுப்பு வேறு. ஈஸ்டுக்குக் குளுக்கன் சுவர் உண்டு, நமக்கு இல்லை. உறவு அங்கே முறிகிறது. உண்மை. அந்தச் சுவரைத் தாக்கும் முதல் மருந்தான காஸ்போஃபங்கின் 2001இல்தான் வந்தது. அதன் இனமான மைகாஃபங்கினுக்கு 2024இல் பயோகான் அமெரிக்க அனுமதி பெற்றது. இம்மருந்தின் மூலப்பொருளும் ஒரு பூஞ்சை சுரப்பதுதான். மூலக்கூறு பெரிது, குடல் அதை உறிஞ்சாது. அதனால் நரம்பு வழி மட்டுமே ஏற்றுகிறார்கள்.