சிப்பி, ஓலை, துண்டுத் துணி: நம் கரையின் வீட்டு அலங்காரக் கணக்கு



தீபாவளிக்கு வாசலில் மாட்டிய ஜிகினாத் தோரணம் உங்கள் வீட்டில் இன்னும் தொங்குகிறதா? இருந்தால் போய் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு விரலோடு வந்துவிடும். அதை மாட்டிய ஆணி துருப்பிடித்து, சுவரில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் குடியிருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம். மரக்காணத்து உப்பளங்களைத் தடவி வரும் காற்றுதான் நம் ஜன்னலிலும் அடிக்கிறது. தகரம், ஜிகினா, பேப்பர் பூ எதையும் அது விட்டுவைக்காது.

அப்படியானால் இந்தக் கரையில் காலங்காலமாக இருந்தவர்கள், அதிலும் ஒற்றை அறை வீட்டில் இருந்தவர்கள், வீட்டை எப்படி அழகு செய்தார்கள்? வங்கி வேலையில் நான்கு வருடம் மரக்காணத்தில் இருந்தேன். காசாளர் ஜன்னல் வழியாகவும் நகைக்கடன் மேஜை வழியாகவும் அந்த ஊரைப் பார்த்தவன் என்ற முறையில், படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். படித்தது பி.காம். என்பதால் இடையிடையே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நாம் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடக்கும் மரக்காணம் சாதாரண ஊர் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடுகிறது. அவன் நாட்டில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் ஓர் ஊர், கடற்கரையில் எயிற்பட்டினம் இன்னோர் ஊர். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. கிரேக்க மாலுமிகளுக்காக முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேட்டில் வரும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுதான் என்கிறார்கள். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பேசப்படுகின்றன. அப்போதும் உப்பு, இப்போதும் உப்பு.

அதே சிறுபாணாற்றுப்படையில் நம் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் காட்சி ஒன்று உண்டு. கொற்கைப் பக்கத்துக் கடற்கரையைச் சொல்லும் இடம் அது. உப்பு வண்டி ஓட்டிப் பிழைக்கும் உமணர்கள் ஒரு பெண் குரங்கை வளர்க்கிறார்கள். அது சிப்பிக்குள் முத்தைப் போட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. உள்ளே இருப்பது முத்து என்பது புலவர் நமக்குச் செய்யும் சிறப்பு. கூழாங்கல் போட்டாலும் அதே சத்தம்தான் வரும்! நான் கவனித்தது வேறு. உப்பு விற்கும் குடும்பம் காலடியில் கிடக்கும் சிப்பியை எடுத்து, ஒரு காசு செலவில்லாமல் ஒரு பொருள் செய்துகொள்கிறது. கையால் செய்த மலிவான வீட்டுப் பொருளுக்கு இதைவிடப் பழைய சாட்சி நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

சிப்பியின் பெரிய வேலை சுவரில் இருந்தது. கழிமுகங்களிலும் காயல்களிலும் கிளிஞ்சலை அள்ளி, சூளையில் விறகோடும் கரியோடும் அடுக்கிச் சுடுவார்கள். சுட்டதன் மேல் தண்ணீர் ஊற்றினால் புகைந்து, கொதித்து, மாவாக உதிரும். அதுதான் கிளிஞ்சல் சுண்ணாம்பு. தொட்டியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரப் பசையும், பளிச்சென்று தெரிய நீலமும் கலந்து, தேங்காய் மட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் போகிக்கு முன் சுவரில் அடிப்பார்கள். அடிக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். காரணம், சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடி சிப்பியாகவே மாறுகிறது. சிப்பிதான் சுவரில் போர்வையாகப் படிந்து நிற்கிறது. கடல் காற்று அதை என்ன செய்யும்? கடலிலிருந்து வந்த பொருள்தானே. சுண்ணாம்பு கெட்டியாகப் பிடிக்க ஒரு பிடி உப்பைக் கரைத்துச் சேர்ப்பதும் பழைய வழக்கம். உப்பள ஊரில் உப்புக்கா பஞ்சம்! வெள்ளைக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவி, திண்ணை ஓரத்தில் காவிக் கோடு, வாசலில் அரிசி மாவுக் கோலம். ஒரு குடிசையின் மொத்த உள் அலங்காரமும் வெளி அலங்காரமும் இதில் முடிந்துவிடும்.

இதே சிப்பி பணக்காரர் வீட்டுக்கும் போனது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மதராஸ் வந்த ஐரோப்பியர்கள், அங்கிருந்த தோட்ட வீடுகளின் தூண்களையும் சுவர்களையும் பார்த்துப் பளிங்கு என்றே மயங்கினார்கள். அது மதராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பை மாவாய் அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள் கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். மதராஸுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஓடிய பக்கிங்காம் கால்வாயை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1806இல் ஒரு தனியார் கால்வாயாகத் தொடங்கி, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகரத்துக்குள் இணைக்கப்பட்டு, 1878இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்ட கால்வாய் அது. அதன் தெற்கு முனைதான் மரக்காணம். அதில் போன தோணிகளில் உப்பும் விறகும் சுண்ணாம்புச் சிப்பியும் முக்கியமான சரக்குகள். பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் வெட்டியவர்கள் தோண்டிய வழியில், பளிங்குச் சுவருக்கான சிப்பி மிதந்து போனது. பங்களாச் சுவருக்கும் குடிசைச் சுவருக்கும் சரக்கு ஒன்றே. நடுவில் இருந்த வித்தியாசம் எத்தனை நாள் எத்தனை பேர் தேய்த்தார்கள் என்ற கூலிக் கணக்கு மட்டும்தான்.

அடுத்தது ஓலை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் வழியில் இன்றும் பனைமரங்களைப் பார்க்கலாம். பனங்குருத்தை வெட்டி, வெயிலில் காயவைத்தால் தந்த நிறம் வரும். ஈர்க்கை நீக்கி, கத்தியால் ஒரே அகலமாக வார்ந்துகொண்டு, வேண்டுமானால் கொதிக்கும் சாயத்தில் சிலதை முக்கி எடுத்துப் பின்ன வேண்டும். விசிறி, கொட்டான், மிட்டாய்ப் பெட்டி, மீன், கிளி, நட்சத்திரம். இவற்றோடு, உள்ளே சிறு கல்லோ குன்றிமணியோ போட்ட கிலுகிலுப்பை! சங்கப் பாட்டுக் குரங்கு ஆட்டிய அதே விளையாட்டுப் பொருள், சிப்பியிலிருந்து ஓலைக்கு மாறி, மரக்காணம் வீடுகளில் தொட்டில் கயிற்றில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டின் ஓலைப் பொருட்களுக்கு இருக்கிற பெயர் நம் பக்கத்துக்கு இல்லை. கைவேலையில் நம்மவர்கள் குறைந்தவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கடலோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னி, மந்திரித்த பிறகு அதைச் சுவரில் உள்ள படத்தின் மேல் செருகிவைப்பார்கள். அடுத்த தவக்காலத் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டுச் சாம்பல் புதன் சாம்பலாகும். பழசைச் சேர்த்துவைக்கும் தொல்லையே கிடையாது. இந்துக்கள் வீட்டுக் கல்யாணத்தில் தென்னங்குருத்துத் தோரணம். அதில் மடித்து விடும் குருவிகள் நான்காக, தலை நிமிர்ந்து இருந்தால் மங்கல வீடு. மூன்றாக, தலை கவிழ்ந்து இருந்தால் துக்க வீடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெருமுனையில் நின்றே எந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் தோரணத்தில் இந்தச் சேதி எல்லாம் கிடையாது.

எழுபது, எண்பதுகளில் வந்த வயர் கூடை, உல்லன் பூ, பாசிமணித் திரை இவற்றை உங்களில் பலர் போட்டே இருப்பீர்கள். ஆகவே விரிக்கவில்லை. மணி மட்டும் நம் கரைக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடத்தில், கண்ணாடியிலும் கல்லிலும் பொடிப் பொடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் தெர்மோகோல் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களின் பட்டியலில் அலங்காரத் தெர்மோகோலும் பிளாஸ்டிக் கொடிகளும் இருக்கின்றன. நம் கீழ்த்தள ஸ்டோர் ரூமில் கிடக்கும் கொலு மேடைக்காரர்கள் கவனிக்கவும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். என் மேஜையில் நகைக்கடன் கூட்டம் அப்போதுதான் சேரும். கோடையில் உப்பு ஏறும்போது அதே கம்மல் மீட்கப்படும். பெரும்பாலும் பெண்கள். சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தருகிறது. நான் இருந்த தொண்ணூறுகளில் அது கிடையாது. அந்த மாதங்களில் ஓலை பின்னி விற்கும் ஓர் அம்மா, வட்டி கட்ட வந்தபோது சொன்னார்: "ஓல சும்மாதான கெடைக்குது, இதுக்குப் போயி காசு கேக்கறியேன்றாங்க சார். காய வெச்சி, வார்ந்து, பின்னி எடுக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிடுது. அத யாரு கணக்குல எழுதறது?"

கையால் செய்த அலங்காரம் மலிவு என்று நாம் சொல்லும்போது, சரக்கின் விலையை மட்டும்தான் சொல்கிறோம். சிப்பி, ஓலை, மாவு எல்லாம் மலிவு. வெயிலில் நின்றதும் மட்டை பிடித்ததும் விரல் அறுபட்டதும் வீட்டுப் பெண்களின் பேரில் எழுதாத செலவு. வரலாற்றில் அழகாகத் தெரிகிற அந்த ஐந்தொகையில் கூலிப் பத்தி காலியாகவே இருந்திருக்கிறது.

அந்தப் பத்தியை நிரப்பிய ஒரு முயற்சி நம் கரையிலேயே நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லை ஒட்டிய மீனவக் கிராமங்களில் பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திய உபாசனா என்ற ஆடை நிறுவனம், 2005இல் அவர்களுக்கு ஒரு கைவேலை கற்றுக்கொடுத்தது. தையலில் மிஞ்சிய துண்டுத் துணியில் கட்டைவிரல் அளவுப் பொம்மை. பெயர் சுனாமிகா. ஆனால் அதற்கு விலை வைக்கவில்லை. பொம்மை யாருக்கும் விற்கப்படாது, பரிசாகத்தான் தரப்படும். விரும்பியவர்கள் கொடுக்கும் நன்கொடையிலிருந்து செய்கிற பெண்களுக்குக் கூலி. இப்படிப் பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின. விலை காலி, கூலி எழுதப்பட்டது. நம் ஓலைக்கார அம்மாவின் கணக்குக்கு நேர் எதிர். நாற்பது வருடம் பேரேடு எழுதிய எனக்கு, இதை எந்தத் தலைப்பில் பதிவது என்று யோசிக்கவே ஒரு மாலை போயிற்று. எங்கள் வீட்டுச் சாவிக் கொத்தில் ஒரு சுனாமிகா தொங்குகிறாள். பல வருடம் ஆயிற்று, உப்புக்காற்று அவளை ஒன்றும் செய்யவில்லை.

நம் வீடுகளுக்குச் சில விஷயங்கள். எமல்ஷன் அடித்த சுவரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு பிடிக்காது, வீணாக முயல வேண்டாம். பூந்தொட்டிக்கும், பூச்சில்லாத பால்கனிக் கைப்பிடிச் சுவருக்கும் அடிக்கலாம். கடற்கரையில் சிப்பி பொறுக்கினால் ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்து, இரும்புக் கம்பியைத் தவிர்த்துப் பருத்தி நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். பவளத் துண்டையும் சில வகைச் சங்குகளையும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அவை இருக்கின்றன. பனங்குருத்தை நீங்களாக வெட்டாதீர்கள். மிஞ்சி வெட்டினால் வடலி வளர்ச்சி குன்றும். பனை நம் மாநில மரம். 2021 முதல் அதை வெட்டவே கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது.

விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு நுழைவாயில் தோரணத்துக்கு விலைப்புள்ளி வாங்கும்போது, மரக்காணம் பக்கத்து ஓலைக்காரர்களிடமும் ஒன்று வாங்குங்கள். உப்பளம் மூடியிருக்கும் மாதம், ஆள் கிடைப்பார்கள். ஓலை காயவும் பின்னவும் நாள் பிடிக்கும், அதனால் மார்கழி பிறந்ததுமே சொல்லிவிட வேண்டும். விலைப்புள்ளியில் ஓலைக்கு ஒரு வரி, கூலிக்குத் தனியாக ஒரு வரி என்று எழுதி வாங்குங்கள். அந்த இரண்டாவது வரியில் பேரம் வேண்டாம். இரண்டு பெண்களை ஒரு சனிக்கிழமை நம் கூட்ட அரங்குக்கு அழைத்து, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை பின்னக் கற்றுத்தரச் சொன்னால், அன்றைய கூலிக்கும் பேருந்துச் செலவுக்கும் நான் பொறுப்பு. குன்றிமணி விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பதில் கூழாங்கல் போடலாம்.