ஓடாத விளையாட்டை ஓட வைத்தவர்கள்

டேவ் விளையாட்டு ஞாபகம் இருக்குங்களா? தொப்பி போட்ட ஒரு சின்ன ஆள், கட்டைக்குக் கட்டை தாவிப் போவான். தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபிலோ, டவுனில் மணிக்கணக்கில் காசு வாங்கிய சென்டரிலோ உங்களில் பலர் ஆடியிருப்பீங்க. எங்க ஊர்ப் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே முதலில் டேவ், அப்புறம் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. டைப்பிங்கும் டேலியும் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையன்கள் இப்போ பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்காங்க. பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான். "சித்தப்பா, பழைய டேவ் ஃபைலை அப்படியே பத்திரமா வெச்சிருக்கேனுங்க. கிளிக் பண்ணினா ஓட மாட்டேங்குது. அந்தக் காலத்து டப்பா மெஷின்ல ஓடினது, இவ்வளவு பெரிய லேப்டாப்ல எப்படிங்க ஓடாமப் போகும்?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடிப் போனால் நாற்பது வருஷக் கதை ஒன்று வருகிறது. நெல்லு, மாடு, மழை என்று எழுதுகிறவனுக்கு இது எதுக்கு என்று நினைக்க வேண்டாம். படித்து முடித்தால் உங்களுக்கே புரியும்.

முதல் சிக்கல் வேகம். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்குச் சாதாரண லேப்டாப்கூட அதைப்போல பல நூறு மடங்கு. அன்று விளையாட்டு எழுதினவர்களில் பலர் கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை. 'ஒன்று முதல் இத்தனை வரை எண்ணு, அப்புறம் ஆளை ஒரு அடி நகர்த்து' என்று எழுதினார்கள். மெஷின் வேகமானால் எண்ணுவதும் வேகமாகும். ஆள் ஒரு நொடியில் திரையைத் தாண்டி ஓடிவிடுவான்.

எங்க பக்கம் கவலை இறைத்த காலத்து வாய்க்கால் எல்லாம் மாட்டு நடைக்கு ஏற்ற மாதிரி வெட்டினது. மாடு பின்னால் வந்து, சால் மேலே வந்து, தண்ணி கொட்டி, அது பாத்திக்குப் போகிற நேரத்துக்குள் மடை மாற்றிவிடலாம். அதே வாய்க்காலில் அஞ்சு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டு விட்டால் கரை உடையத்தான் செய்யும். மோட்டார் மேலே தப்பில்லை, வாய்க்கால் மேலேயும் தப்பில்லை.

இந்தச் சிக்கலுக்காகவே அப்போதைய கம்ப்யூட்டர் பெட்டியில் 'டர்போ' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பேருதான் டர்போ. உண்மையில் அது பழைய நிரல்களுக்காக மெஷினைத் தேவைப்படும்போது மெதுவாக்கிக்கொள்ள வைத்த பட்டன்.

இன்னொரு வேடிக்கை. டர்போ பாஸ்கல் என்ற மொழியில் எழுதின பல நிரல்கள், தொடங்கும்போதே 'இந்த மெஷின் எவ்வளவு வேகம்' என்று ஒரு முறை அளந்து பார்க்கும். பென்டியம் வந்து வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனதும், அந்த விடை அதற்கு ஒதுக்கின இடத்தில் அடங்கவில்லை. பூஜ்யத்தால் வகுத்துவிட்டதாக 'ரன்டைம் எர்ரர் 200' என்று சொல்லி நின்றுபோகும். நிரலில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மெஷின் நல்லதாகிவிட்டது என்பதற்காகவே நிரல் செத்துப்போனது.

இரண்டாவது சிக்கல் இடம். டாஸ் காலத்தில் நிரலுக்கென்று நேரடியாகக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட். மவுஸுக்கு ஒரு டிரைவர், சி.டி.க்கு ஒரு டிரைவர் என்று ஏற்றினால் அதிலேயே ஒரு பங்கு போய்விடும். அதனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக பூட் ஃப்ளாப்பி செய்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு. சத்தம் வர வேண்டுமானால் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று விளையாட்டுக்கு நாமே சொல்ல வேண்டும். 220, 5, 1 என்ற மூன்று எண்களைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. பழைய நிரல் ஓடவில்லை என்றால் ஜனம் புதுசை வாங்காது என்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரியும். அதனால் சிம்சிட்டிக்காக அவர்கள் செய்த வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீங்க. நகரம் கட்டுகிற அந்த விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் 'இந்த இடம் எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே இடத்தை மறுபடியும் போய்ப் படிக்கும். குத்தகையை விட்டுக்கொடுத்த காட்டில் அடுத்த நாளும் போய் ஏர் ஓட்டுகிற மாதிரி. பழைய விண்டோஸில் அந்த இடத்தை உடனே வேறு யாரும் எடுக்காததால் பிழை வெளியே தெரியவில்லை. 95-இல் தெரிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் சிம்சிட்டியைத் திருத்தவில்லை. ஓடுவது சிம்சிட்டி என்று தெரிந்தால், திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே பிடுங்காமல் கொஞ்சம் விட்டு வைக்கும்படி விண்டோஸைத் திருத்தினார்கள்.

அந்தத் தாட்சண்யம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அடியில் டாஸ் கிடையாது. டாஸ் மாதிரி ஒரு ஏற்பாடு மட்டும் இருந்தது. பல விளையாட்டுகளில் படம் வரும், சத்தம் வராது. அதற்குப் பிறகு வந்த 64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை அடியோடு எடுத்துக்கொள்வதில்லை. அண்ணன் மகனின் டேவ் நின்றுபோனது இந்த இடத்தில்தான். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 90-களின் கடைசியில் வந்த பல விளையாட்டுகள் 32 பிட். புது மெஷினில் ஓடக்கூடியவை. ஆனால் அவற்றை இன்ஸ்டால் பண்ணுகிற நிரல் மட்டும் 16 பிட். வீடு நன்றாக இருக்கிறது, கதவு மட்டும் திறக்காது.

இதற்குள் அந்த விளையாட்டுகளைச் செய்த பல கம்பெனிகள் மூடிவிட்டன, அல்லது கைமாறிவிட்டன. பழசை ஓட வைத்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போதுதான் சம்பளம் வாங்காத ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் என்ற இருவர் தொடங்கிய டாஸ்பாக்ஸ் 2002-இல் வெளிவந்தது. இலவசம். அது விளையாட்டைத் தொடுவதில்லை. பழைய கம்ப்யூட்டர் முழுவதையும், அதாவது பிராசசர், திரை கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. தான் 1990-இல் இருப்பதாக விளையாட்டு நினைத்துக்கொள்ளும். கன்ட்ரோலோடு எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 அழுத்தினால் கூடும். மோட்டார் காலத்தில் திரும்ப மாட்டைக் கட்டின கதைதான். ஆனால் வாய்க்கால் உடையவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. லூகாஸ் ஆர்ட்ஸ் கம்பெனியின் கதை விளையாட்டுகளில், கதையும் படமும் ஒரு பக்கம், அவற்றைப் படித்து நடத்துகிற எஞ்சின் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கும். 2001-இல் சுவீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் அந்த எஞ்சினைப் புதிதாக எழுத ஆரம்பித்தார். வின்சென்ட் ஹாம் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்துகொண்டார். ஸ்கம்விஎம் என்று பெயர். நம்மிடம் பழைய விளையாட்டின் கோப்புகள் இருந்தால் போதும், இன்றைக்கு அது போனிலும் ஓடும்.

மூன்றாவது வழி, செய்தவர்களே திறந்து கொடுப்பது. டேவை எழுதின ஜான் ரொமேரோவும் ஜான் கார்மாக்கும் இருந்த இட் சாஃப்ட்வேர் கம்பெனி, 1993 டிசம்பர் 10-இல் டூம் விளையாட்டை வெளியிட்டது. நாலு வருஷம் கழித்து, 1997 டிசம்பரில், அதன் மூல நிரலையே ஊருக்குக் கொடுத்துவிட்டது. டாஸ் பதிப்பில் சத்தத்துக்கான பகுதி வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் கொடுக்க முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு டூம் ஓடாத பொருளே இல்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கேமராவில், கால்குலேட்டரில் எல்லாம் ஓட வைத்துவிட்டார்கள்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கதை வேறு மாதிரி. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து அந்த இளவரசனின் அசைவுகளை வரைந்தார். 1989-இல் முதலில் வந்தது ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு. அந்த மூல நிரல் தொலைந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா வீட்டில் கிடைத்த ஒரு பெட்டிக்குள் அந்த ஃப்ளாப்பிகள் கிடந்தன. இருபது வருஷத்துக்கு மேலே கிடந்த காந்தத் தகடு எப்போது வேண்டுமானாலும் அழிந்துபோகலாம். பழைய டிரைவ் வைத்திருந்த ஆட்கள் வந்து உட்கார்ந்து, பொறுமையாகப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்.

அதற்கு முன்பே 2008-இல் போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று, ஜிஓஜி என்ற பெயரில் பழைய விளையாட்டுகளைப் பூட்டு இல்லாமல் விற்க ஆரம்பித்திருந்தது. உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது, புது விண்டோஸில் ஓட வைத்துக் கொடுப்பது, இதுதான் அவர்கள் வியாபாரம். அவர்கள் விற்கிற டாஸ் விளையாட்டுகள் பலவற்றுக்குள் இருப்பது அந்த இலவச டாஸ்பாக்ஸ்தான்.

பூட்டு என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தக் கதையில் நெருடுகிற இடம். 2000-ஐ ஒட்டி வந்த சி.டி. விளையாட்டுகள் பலவற்றில் காப்பி அடிக்காமல் இருக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அது விண்டோஸின் உள்ளே வரை கை விடுகிற டிரைவர். பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. காரணம் சரியானதுதான். ஆனால் விளைவைப் பாருங்க. கடையில் முழு விலை கொடுத்து வாங்கின சி.டி. ஓடாது. பூட்டை உடைத்துத் தெருவில் விற்ற சி.டி. ஓடும். காசு கொடுத்தவன்தான் ஏமாளி.

2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. அவற்றில் உயிரோடு இருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட தனி ஆட்கள் காப்பாற்றி வைத்தவைதான்.

இனி அதுவும் முடியாது என்பதுதான் புதுக் கவலை. தி க்ரூ என்ற கார் ஓட்டுகிற விளையாட்டு 2014-இல் வந்தது. தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. அத்தோடு, காசு கொடுத்து வாங்கினவர்களும் ஆட முடியாமல் போனது. ஃப்ளாப்பி கெட்டுப்போகவில்லை, மெஷின் மாறவில்லை. ஓடுவதற்கு வேண்டிய பாதி, வாங்கினவன் கைக்கு வந்ததே இல்லை. இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கின இயக்கத்தை ஒட்டி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு மனு போனது. 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இலவசமாகக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, வாங்கினவன் தானே ஓட்டிக்கொள்ள ஒரு வழி விட்டுவிட்டுப் போ என்கிறார்கள்.

விவசாயிக்கு இது தெரிந்த வழக்குங்க. மாப்பிள்ளைச் சம்பா விதையைப் பானையில் போட்டுப் பத்து வருஷம் பூட்டி வைத்தால் அது விதை இல்லை, வெறும் நெல்லு. போகத்துக்குப் போகம் விதைத்து எடுத்துக் கைமாற்றிக்கொண்டே இருந்தால்தான் விதை. பழைய விளையாட்டும் அப்படித்தான். ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு புது மெஷினிலும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து திரும்ப ஓட வைக்க வேண்டும். வீரிய ஒட்டு ரக விதையை நாம் எடுத்து வைத்தாலும் அடுத்த போகம் அதே மாதிரி விளையாது, மறுபடியும் கடைக்குத்தான் போகணும். சர்வரில் கட்டிப்போட்ட விளையாட்டு அந்த ரகம். அதிலும் கடைக்காரன் ஒரு நாள் கடையை மூடிவிட்டால் போவதற்கு இடம்கூட இல்லை.

உங்க வீட்டுப் பரணில் பழைய சி.டி.யோ ஃப்ளாப்பியோ கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்க. படிக்க முடிகிறபோதே ஒரு காப்பி எடுத்து வையுங்க. டாஸ் காலத்து விளையாட்டாக இருந்தால் ஒரு ஃபோல்டரில் போட்டு, டாஸ்பாக்ஸில் அந்த ஃபோல்டரை சி டிரைவாகக் காட்டினால் போதும், பத்து நிமிஷ வேலை. அப்புறம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கீபோர்டைக் கொடுங்க. நாலு பேர் ஆடினால்தான் அது அடுத்த மெஷினுக்கும் போய்ச் சேரும்.