சீதபேதி என்று சொன்னார்கள்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தவர். தேவதாசி முறை ஒழிப்பு, மேல்சபைத் துணைத் தலைவர் பதவி, அவ்வை இல்லம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால், அந்தப் பாடங்கள் அதிகம் பேசாத ஒரு சாவு அவர் வீட்டில் நடந்தது.

செத்துப்போனது அவருடைய தங்கை. சின்ன வயசு. 1920-களின் ஆரம்பம். உடம்பு சரியில்லை என்றதும் சீதபேதி என்று முடிவு கட்டினார்கள். அதற்கே வைத்தியமும் பார்த்தார்கள். உண்மையில் இருந்தது மலக்குடலில் புற்றுநோய்! அது தெரியவந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. சீதபேதியிலும் ரத்தமும் சளியும் போகும். மலக்குடல் புற்றிலும் போகும். அடிக்கடி போக வேண்டும் போலவும் இருக்கும். நம்ம ஊரில் சீதபேதி சர்வசாதாரணம் என்பதால் யாருக்கும் வேறு சந்தேகமே வராது.

அக்காவுக்கு அது ஆறாத ரணம். 1925-ல் லண்டன் போனவர், அங்கே புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அறிவித்தார். கிடைத்த வரவேற்பு? அந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கெதற்கு ஆஸ்பத்திரி என்று ஆட்சியில் இருந்தவர்களே கேட்டார்கள். அம்மா விடவில்லை. நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி, வெறும் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பமானது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முன்னால் நின்றார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். மீதி சரித்திரம் ஊரறிந்தது.

சரி, இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா? முடியும். பெருங்குடல் புற்று ஒரே ராத்திரியில் வருவதில்லை. பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்கிற சின்ன மருவாகத்தான் ஆரம்பிக்கிறது. அது புற்றாக மாறச் சுமார் 10 வருடம் ஆகும். இத்தனை வருட அவகாசம் தரும் வியாதிகள் அதிகம் இல்லை!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்து நல்லூர்க்காரர் அங்கே போய் ஊறுகாய் ஜாடி வாங்கினால் என்ன செய்வார்? விரலால் தட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கிரீனிங் என்பதும் இதேதான். எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே தட்டிப் பார்ப்பது!

1967-ல் டேவிட் கிரீகர் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு ஒரு வழி சொன்னார். குவாயக் என்கிற மரப்பிசின் தடவிய அட்டை. வீட்டிலேயே துளி மலத்தை அதில் தடவி அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும், சோதனைக்கூடத்தில் சொட்டு மருந்து விட்டதும் அட்டை நீலமாகும். 1969-ல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், கொலோனாஸ்கோப் குழாய் வழியாகவே பாலிப்பைக் கத்தரித்து எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவே இல்லை!

இதெல்லாம் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுமா? மினசோட்டாவில் 46,000-க்கும் அதிகமானவர்களை வைத்துப் பல வருடம் கணக்குப் பார்த்தார்கள். முடிவு 1993-ல் வந்தது. வருடா வருடம் அட்டைப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் இந்தப் புற்றால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்கு முந்தைய வருடமே ஜப்பான், 40 வயதானவர்களுக்கு மலப் பரிசோதனையை அரசாங்கத் திட்டமாக்கிவிட்டது. அமெரிக்காவில் 50 என்று இருந்த ஆரம்ப வயதை 2021-ல் 45 ஆக்கிவிட்டார்கள்.

இந்தியாவில்? 2016-ல் வந்த மத்திய அரசின் புற்றுநோய் ஸ்கிரீனிங் வழிகாட்டுதலில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றும்தான் உண்டு. பெருங்குடல் இல்லை. மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே இந்த நோய் குறைவு என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், யாரும் கூப்பிட்டுச் சோதிக்க மாட்டார்கள் என்றால், நம்ம உடம்பை நாம்தானே கவனிக்க வேண்டும்?

நாம் கவனிக்கும் லட்சணம்தான் தெரிந்ததாச்சே! மலத்தில் ரத்தம் போனால் வீட்டில் சொல்லக்கூடக் கூச்சம். பஸ் ஸ்டாண்ட் சுவரில், 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று போஸ்டர் இருக்கவே இருக்கிறது. அன்றைக்கு சீதபேதி. இன்றைக்கு மூலம். பெயர்தான் மாறியிருக்கிறது. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால், பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு விஷயம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தப் புற்று வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போதே கொலோனாஸ்கோபி செய்துகொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இன்றைய விதிப்படி பார்த்தால், தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

ரத்தம் போகிறதா? மலம் கழிக்கும் வழக்கம் காரணமில்லாமல் மாறி, சில வாரமாக அப்படியே நீடிக்கிறதா? காரணம் தெரியாத ரத்தசோகையா? ஸ்கிரீனிங் அட்டைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள். அவர் 'மூலம்தான்' என்றால், 'பார்த்துச் சொல்லுங்க டாக்டர்' என்று தைரியமாகக் கேளுங்கள். முதல் பரிசோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மலக்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் கட்டியைப் பல நேரம் டாக்டரின் விரலே கண்டுபிடித்துவிடும். தேவை ஒரு கையுறையும் இரண்டு நிமிஷமும்தான்!