கசடும் அதன் மறுபெயரும்

கழிவுநீரைத் தூய்மைப்படுத்தியபின் எஞ்சும் கசட்டை ஆங்கிலம் ‘ஸ்லட்ஜ்’ என்று வழங்கிற்று. அமெரிக்காவில் அதைக் கடலில் கொட்டுவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்யவே, நகராட்சிகள் விளைநிலங்களைப் பெரிதும் நாடின. அருவருப்பூட்டும் பழஞ்சொல் இதற்கு இடையூறாயிற்று. கழிவுநீர்த் துறையினரின் கூட்டமைப்பு தன் உறுப்பினரிடம் புதுப்பெயர் கேட்டு, 1991இல் ‘பயோசாலிட்ஸ்’ என்பதை ஏற்றது. இதனைத் தமிழில் ‘உயிர்த்திண்மம்’ என்று பெயர்ப்பவர், பெயர் மாற்றியோரின் நோக்கத்தையும் சேர்த்தே பெயர்க்கிறார் எனலாம்.

1993இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதிகளின் தலைப்பிலோ பழஞ்சொல்லே நின்றது. (விளம்பரத்திற்கு உதவும் சொல் வரையறைக்கு உதவுவதில்லை போலும்.) அவ்விதிகள் காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்களுக்கு வரம்பு கட்டின, மாநிலங்களும் அவற்றின் உள்ளாட்சிகளும் இன்னும் கடுமையான விதிகள் செய்வதைத் தாம் தடுப்பதில்லை என்றும் கூறின. கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டி வாக்காளர்கள் 2006 ஜூனில் கசட்டை நிலத்தில் இடுவதற்குத் தடை விதித்தனர். தன் கசட்டை அங்கு அனுப்பிவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வழக்குத் தொடுத்தது. பூசல் பல்லாண்டுகள் நீடித்தது.

பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்களுக்கு 1993ஆம் ஆண்டு விதிகளில் வரம்பேதும் இல்லை. அவை பண்ணை மண்ணிலும் கிணற்று நீரிலும் கண்டறியப்பட்டபின், மெய்ன் மாநிலம் 2022இல் கசட்டை நிலத்தில் இடுவதைத் தடைசெய்தது. அச்சட்டம் ஆண்ட சொல் ‘ஸ்லட்ஜ்’.