மறுவாழ்வு அறிவியல் கல்வி

மறுவாழ்வு அறிவியல் என்பது நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, முதுமை ஆகியவற்றால் உடல் அல்லது மனத்தின் செயற்பாட்டை இழந்த ஒருவர், தம் அன்றாட வாழ்விலும் தொழிலிலும் சமூகத்திலும் இயன்ற அளவு முழுமையாகப் பங்கேற்க வழிசெய்யும் துறைகளின் தொகுப்பு ஆகும். இது ஒரு தனிப் பாடம் அன்று. இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு நுட்பவியல், கேட்பியல், சிறப்புக் கல்வி முதலிய பல துறைகள் இதில் அடங்கும். இந்தியாவில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. வெவ்வேறு சட்டங்களால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, மறுவாழ்வுச் சேவையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையில் உலகெங்கும் ஏறத்தாழ 240 கோடிப் பேர் உள்ளனர். 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது.

அடிப்படைக் கருத்து

மருத்துவம் பொதுவாக நோயைக் குணப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. மறுவாழ்வு அறிவியலோ, முழுமையாகக் குணமாக்க இயலாத நிலையிலும் ஒருவர் எவற்றைச் செய்ய இயலும் என்பதை ஆராய்கிறது. உலக சுகாதார அமைப்பு 2001 இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு இதற்கு அடிப்படையாக உள்ளது. உடல் உறுப்பின் நிலை, ஒருவர் செய்யும் செயல்கள், சமூகப் பங்கேற்பு ஆகிய மூன்றும், சுற்றுச்சூழலும் தனிமனித இயல்புகளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பது அதன் சாரம். எடுத்துக்காட்டாக, கால் செயலிழந்த இருவருள் ஒருவரின் வீட்டு வாசலில் சாய்தளமும் மற்றவரின் வீட்டு வாசலில் படிக்கட்டும் இருப்பின், உடல்நிலை ஒன்றாயினும் அவர்களின் இயலாமை ஒன்றன்று.

வரலாறு

இரண்டு உலகப் போர்களிலும் காயமுற்ற படைவீரர்களின் தேவையே இத்துறையை வளர்த்தது. அக்காலம் வரை தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் உயிரிழந்தனர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 இல் லுட்விக் குட்மான் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு இந்நிலையை மாற்றியது. அங்கு 1948 இல் நடத்தப்பட்ட விளையாட்டுப் போட்டிகள் பின்னர் இணை ஒலிம்பிக் போட்டிகளாக வளர்ந்தன.

தென் தமிழகத்தில் இதற்கு முன்பே கல்வி வழியிலான முயற்சிகள் தோன்றின. அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தின் பாளையங்கோட்டையில், 1890களில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் இயங்கின. இன்றைய தூத்துக்குடி மாவட்டம் 1986 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

தமிழ்நாட்டின் மருத்துவ மறுவாழ்வுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னோடியாகும். அங்கு பால் பிராண்ட் தொழுநோயால் செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தார். அக்கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் நிகழ்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களின் செயற்பாட்டையும் இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். அங்கு 1966 இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவருக்கு 1972 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

துறைகள்

* மறுவாழ்வு மருத்துவம் - எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு எம்.டி. படிப்பு. சிகிச்சைக் குழுவை மருத்துவ நோக்கில் ஒருங்கிணைப்பது இவர்களின் பணி.
* இயன்முறை மருத்துவம் - பிசியோதெரபி எனப் பரவலாக அறியப்படுவது. தசை வலிமை, மூட்டு அசைவு, நடை, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றைக் கையாள்கிறது.
* தொழில்வழிச் சிகிச்சை - ஆக்குப்பேசனல் தெரபி எனப்படுவது. உண்ணுதல், குளித்தல், உடுத்தல், எழுதுதல், வேலை செய்தல் போன்ற செயல்களை மீண்டும் செய்யப் பயிற்றுவிக்கிறது. இந்தியாவில் இதற்கான கல்வி 1950 இல் மும்பையில் தொடங்கியது.
* செயற்கை உறுப்பு மற்றும் துணைக்கருவி நுட்பவியல் - செயற்கைக் கை கால்களையும் உறுப்பைத் தாங்கும் கருவிகளையும் அளவெடுத்து வடிவமைக்கிறது. 1968 இல் உருவான செய்ப்பூர்க் கால் இத்துறையில் இந்தியாவின் புகழ்பெற்ற பங்களிப்பாகும்.
* கேட்பியலும் பேச்சு-மொழி நோயியலும் - செவித்திறன் குறைபாடு, திக்குவாய், பக்கவாதத்திற்குப் பின் ஏற்படும் பேச்சிழப்பு, விழுங்கற் சிக்கல் ஆகியவற்றைக் கையாள்கிறது.
* சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல், மறுவாழ்வு சமூகப்பணி, தொழில் ஆலோசனை - கல்வி, மனநலம், குடும்பம், வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சார்ந்தவை.

எடுத்துக்காட்டு: தூத்துக்குடிக் கடற்கரை

இத்துறைகள் இணைந்து செயற்படும் முறையை, கடல்சார் தொழில்கள் மிகுந்த தூத்துக்குடியைக் கொண்டு விளக்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் எடையைத் துணையாகக் கொண்டு, மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கினர். இங்கு கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடைபெற்றது. சங்குகுளித்தல் அதன் பின்னரும் தொடர்கிறது. படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து நீரடியில் நெடுநேரம் தங்கும் முறை பிற்காலத்தில் பரவியது.

அழுத்தப்பட்ட காற்றிலுள்ள நைட்ரசன் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. குளிப்பவர் விரைவாக மேலெழும்போது அது குமிழிகளாக வெளிப்பட்டுத் தண்டுவடத்தைச் சிதைக்கக்கூடும். இது அழுத்தத் தளர்வு நோய் எனப்படும். உயரழுத்த அறையில் ஆக்சிசன் அளிப்பது இதற்கான உடனடிச் சிகிச்சை. அது தாமதமானால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சிறுநீர்ப்பைப் பராமரிப்பையும் படுக்கைப் புண் தடுப்பையும் மருத்துவரும் செவிலியரும் கற்பிக்கின்றனர். இயன்முறை மருத்துவர் தோள், கைத் தசைகளை வலுப்படுத்துகிறார். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் தொழில்வழிச் சிகிச்சையாளர் பயிற்றுவிக்கிறார். கால்தாங்கிகளைக் கருவி நுட்பவியலாளர் செய்தளிக்கிறார். அடையாள அட்டை, உதவித்தொகை ஆகியவற்றுக்குச் சமூகப் பணியாளர் துணைநிற்கிறார். வலை பின்னுதல், இயந்திரம் பழுதுபார்த்தல் போன்று அமர்ந்து செய்யும் தொழில்களில் அவருக்கு உகந்ததைத் தொழில் ஆலோசகர் அவருடன் சேர்ந்து கண்டறிகிறார். மணலில் சாதாரணச் சக்கர நாற்காலி எளிதில் உருளாது என்பதால், வீட்டையும் தெருவையும் காணாமல் மருத்துவமனையில் மட்டும் வகுக்கப்படும் திட்டம் பயன் தராது. துறைமுகத்தில் சுமை விழுந்து காயமுறுபவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் இது பொருந்தும்.

தென் மாவட்டங்களில் இத்தகைய பணிக்கு, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கம் குறிப்பிடத்தக்கது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975 இல் தண்டுவடக் காயமுற்ற எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் இதனைத் தொடங்கினார்.

கல்வி நிறுவனங்கள்

தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றின் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நடத்தப்படுகின்றன. திருச்சிராப்பள்ளி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் என்ற பெயரிலேயே ஒரு துறை உள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 இல் நடுவண் அரசால் நிறுவப்பட்டது.

சட்டமும் பதிவும்

இந்திய மறுவாழ்வுக் குழுமம் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. கேட்பியல், சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல், செயற்கை உறுப்பு நுட்பவியல் உள்ளிட்ட 16 வகைப் பணியாளர்கள் இதன் கீழ் வருகின்றனர். இக்குழுமம் ஏற்ற படிப்பை முடித்தோரே மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் இடம்பெற இயலும். பதிவின்றி மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில்முறைச் சேவை வழங்குவது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும்.

இயன்முறை மருத்துவமும் தொழில்வழிச் சிகிச்சையும் இக்குழுமத்தின் கீழ் வருவதில்லை. அவை 2021 ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் தேசிய ஆணையச் சட்டத்தில் அடங்குகின்றன.

எனவே படிப்பின் பெயரில் 'மறுவாழ்வு' என்ற சொல் இருப்பதால் மட்டும் இத்துறைகள் அனைத்திலும் பணிபுரியும் உரிமை கிடைப்பதில்லை. பல்கலைக்கழக இணைவும் குழும ஏற்பும் வெவ்வேறானவை. குழும ஏற்பு கல்லூரிதோறும் படிப்புதோறும் தனித்தனியாகவும் குறித்த காலத்திற்கும் வழங்கப்படுவதால், சேரும் ஆண்டில் அது நடைமுறையில் உள்ளதா என்பது மாணவர்க்கு இன்றியமையாத செய்தியாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்கப்பட்ட குறைபாட்டு வகைகளை 7 இலிருந்து 21 ஆக உயர்த்தியது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் குறையாத இடஒதுக்கீட்டை இச்சட்டம் வழங்குகிறது. ஆகவே மாற்றுத்திறனாளிகள் இத்துறைகளின் பயனாளிகளாக மட்டுமன்றி, மாணவர்களாகவும் வல்லுநர்களாகவும் இடம்பெறுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* இயன்முறை மருத்துவம்
* மேரி வர்கீஸ்
* அழுத்தத் தளர்வு நோய்
* முத்துக்குளித்தல்
* தூத்துக்குடி மாவட்டம்