மூன்றாம் பேட்டையின் மாலைச் சூரியன்

ஜப்பானியச் சித்திரக்கதைகள் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன வாளேந்திய வீரர்களும் இராட்சத இயந்திரங்களுமே. அன்றாட வாழ்வின் சிறு நிகழ்வுகளை மட்டுமே பொருளாகக் கொண்டு, பல பதிற்றாண்டுகள் வாசகர்களைக் கட்டிவைத்த மாங்கா வரிசையும் அங்கு உண்டு. சைகான் ரியோஹெய் எழுதி வரைந்த 'சான்சோமே நோ யூஹி' அத்தகையது. 'மூன்றாம் பேட்டையின் மாலைச் சூரியன்' என அதனைத் தமிழில் சொல்லலாம். 1974-இல் 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் தொடங்கிய இக்கதைகள் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக நூலுருப் பெற்றுள்ளன.

கதைகளின் களம் கற்பனையானதொரு டோக்கியோப் பேட்டை. காலம் ஏறத்தாழ 1955 முதல் 1964 வரையிலான பத்தாண்டுகள். ஒவ்வொரு கதையும் தன்னளவில் முழுமையானது. வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் சுசுகி குடும்பம், அங்கு வேலை பழகும் ரோகு என்னும் சிறுவன், மிட்டாய்க் கடை வைத்துக்கொண்டு சிறுவர் இதழ்களுக்குக் கதை எழுதும் சாகாவா ரியுனோசுகே ஆகியோர் வந்துபோகின்றனர். பேரெழுத்தாளர் அகுதாகாவா ரியுனோசுகேயின் பெயரை எட்டிப் பிடிக்க முயன்று எட்டாமற்போன பெயர் சாகாவாவினுடையது என்பதை இலக்கிய வாசகர்கள் புன்னகையுடன் கவனிக்கலாம். இவர்களுள் எவருக்கும் வயது கூடுவதில்லை. பருவங்கள் மாறுகின்றன, அந்தப் பத்தாண்டுகள் மட்டும் முடிவதில்லை.

இது பழங்காலத்தைப் பற்றிய ஏக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அந்த ஏக்கம் ஏன் 1974-இல் பிறந்தது என்று கேட்டால்தான் வரலாறு பேசத் தொடங்குகிறது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஜப்பானை உலுக்கியது. அடுத்த ஆண்டு நுகர்பொருள் விலைகள் இருபது விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தன. போருக்குப் பிந்தைய காலத்தில் முதன்முறையாகப் பொருளாதாரம் சுருங்கியது. இடையறாத வளர்ச்சி என்னும் நம்பிக்கை நின்ற அந்த ஆண்டில்தான், அந்நம்பிக்கை அரும்பிய நாட்களை நோக்கி சைகானின் தூரிகை திரும்பியது. அவர் 1947-இல் டோக்கியோவில் பிறந்தவர். தம் பள்ளிப் பருவத்தையே வரைந்தார்.

அசைபட வடிவத்திற்கும் இதே கணக்குப் பொருந்துகிறது. தொலைக்காட்சித் தொடர் 1990 அக்டோபரில் தொடங்கி 1991 ஏப்ரல் வரை ஒளிபரப்பானது. 1989-இன் இறுதியில் வரலாறு காணாத உச்சத்தில் இருந்த டோக்கியோப் பங்குச்சந்தைக் குறியீடு, தொடர் தொடங்கிய அதே மாதத்தின் முதல் நாட்களில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்திருந்தது. பின்னர் தேக்கத்தின் நெடிய ஆண்டுகள் வந்தன. அவற்றைக் கடந்து 2005-இல் யாமாசாகி தகாஷி இயக்கிய திரைப்படம் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. தயாரிப்புத் திட்டங்கள் பங்குச்சந்தையைப் பார்த்து வகுக்கப்பட்டன என்று நாம் கூறவில்லை. ஆயினும் வளர்ச்சி தடுமாறிய ஒவ்வொரு வேளையிலும் ஒரு சமூகம் அதே பேட்டைக்குத் திரும்பிச் சென்றிருக்கிறது என்பது கவனத்திற்குரியது.

அப்பேட்டையின் மாலை வெயிலுக்குள் வராதவை எவை? 1956-இல் மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவின் பாதரசமே காரணம் என அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் டோக்கியோவின் சந்துகளில் மட்டும் இல்லை.

ரோகுவையே எடுத்துக்கொள்வோம். நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை வடபுலத்துச் சிற்றூர்களிலிருந்து டோக்கியோவின் வேலைத்தலங்களுக்குக் கூட்டமாக ஏற்றிவந்த சிறப்பு ரயில்கள் 1954 முதல் ஓடின. முதலாளிகள் அவர்களைப் 'பொன்முட்டைகள்' என்று அழைத்தனர். 1955-இல் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேரே. 1974-இல் அவ்விகிதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. மறு ஆண்டு அந்த ரயில்கள் நின்றன. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பவேண்டிய நிலை மறையும் தறுவாயில்தான் ரோகு ஏக்கத்திற்குரிய உருவமானான். 1958-இல் ரயிலேறிய சிறுவன் 1974-இல் முப்பத்தொரு வயது வாசகன்; அசைபடத்தின்போது நாற்பத்தேழு; திரைப்படத்தின்போது அறுபத்திரண்டு. பேட்டையில் எவருக்கும் வயதாகவில்லை. அதைப் படித்தவர்களுக்கு ஆயிற்று.

திரைப்படம் ரோகுவைச் சிறுமியாக மாற்றியது. 1958 டிசம்பரில் நிறைவுற்ற 333 மீட்டர் உயர டோக்கியோ கோபுரம் எழும்புவதைக் கணினி வரைகலையால் காட்டியது. பார்வையாளர் அதனை நம்பிக்கையின் சின்னமாகக் கண்டனர். கொரியப் போருக்குப் பின் உடைக்கப்பட்ட அமெரிக்க டாங்கிகளின் உருக்கு அக்கோபுரத்தின் மேற்பகுதியில் கலந்திருக்கிறது என்னும் செய்தியை அறிந்தவர்களுக்கு, அக்காட்சி வேறொன்றையும் சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் இக்கதைகளைப் பொய்யின் கணக்கில் எழுத நமக்கு மனமில்லை. பேட்டையின் மருத்துவர் தாகுமா, போர்க்கால வான்தாக்குதலில் மனைவியையும் மகளையும் இழந்தவர். அவர் வாழும் தெருவில் மாலை நேரம் அழகாக இருக்கிறது. அவருடைய வீட்டிலோ காத்திருக்க எவருமில்லை. இவ்விரண்டையும் ஒன்றையொன்று மறைக்காமல் வைத்திருக்கும் இடங்களில் இக்கதைகள் ஏக்கத்தைக் கடந்துவிடுகின்றன.

ஆகவே இவற்றை 1958-இன் ஆவணமாக மட்டும் வாசிப்பது போதாது. 1974-இலும் 1990-இலும் 2005-இலும் ஜப்பானியர் எதை இழந்ததாக எண்ணினர், எதை நினைவுகூரத் தயங்கினர் என்பதற்கும் இவையே சாட்சியம். வரலாற்று நூல்கள் எளிதில் பதிவு செய்யாத செய்தி அது.